நாடிக் கடிகாரமும் நம் உரிமையும்

நாடியைத் தொட்டுத் தேகத்தின் நிலையை அறியும் வழக்கம் நம் நாட்டில் தொன்றுதொட்டு வருவது. சித்த வைத்தியர் மூன்று விரல்களை மணிக்கட்டின்மீது வைத்து வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றின் நடையையும் ஆராய்வர். இங்கிலாந்து தேசத்து வைத்தியராகிய ஸர் ஜான் ஃபிளாயர் என்பார், நாடித்துடிப்பை எண்ணுதற்கென்றே ஒரு நிமிஷம் ஓடி நிற்கும் கடிகாரமொன்றைச் செய்வித்து, அதைப் பற்றி 1707ஆம் ஆண்டில் ஒரு நூலும் வெளியிட்டார். 1982இல் பின்லாந்து தேசத்துப் போலார் நிறுவனத்தார், மார்பிற் கட்டிய பட்டையினின்று கம்பியின்றியே துடிப்பின் எண்ணைக் கைக்கடிகாரத்திற்கு அனுப்பும் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தனர். இக்காலத்திலோ, தோலினூடே பச்சை ஒளியைப் பாய்ச்சி, இரத்தவோட்டத்தால் அவ்வொளி மாறுபடுவதைக் கண்டு துடிப்பை எண்ணும் கடிகாரங்கள் நம் மாணவர் பலருடைய கைகளில் விளங்குகின்றன.

இக்கருவிகளால் விளையும் நன்மை சிறிதன்று. அதனை மறுப்பது நம் கருத்துமன்று. ஆயினும், அவற்றோடு கைப்பேசியில் வந்து சேரும் செயலி, உடையவன் தானே குறித்துவைத்த எண்ணை அவனைக் கேளாமலே அழித்து, வேறோர் எண்ணை எழுதிவிடுகிற தீமையைப் பற்றிச் சில சொல்ல விரும்புகின்றோம். இஃது அற்ப விஷயமென்று தோன்றலாம். அற்பமன்று என்பதை எனக்கு நேர்ந்ததொன்றால் விளக்குவேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு இருதய நோய் கண்டது. வைத்தியர் பீட்டா பிளாக்கர் என்னும் மருந்தைக் கொடுத்தார், ஓடுபொறியின்மீது என்னை நடக்கச் செய்து சோதித்தபின், “தினந்தோறும் நடவுங்கள், ஆனால் துடிப்பு நிமிஷத்திற்கு 115ஐத் தாண்டலாகாது” என்று கட்டளையிட்டார். யான் கடிகாரமொன்று வாங்கி, 115 என்னும் எண்ணை அதில் எல்லையாகக் குறித்தேன். எல்லை கடந்தால் அது மணிக்கட்டில் அதிர்ந்து என்னை எச்சரிக்கும். இரண்டு வாரம் நல்ல தோழன்போல் அது தன் கடமையைச் செய்தது. பின்னொரு நாட்காலை மேட்டுப்பாதையில் ஏறிக்கொண்டிருக்கையில் மூச்சு வாங்கிற்று, மார்பு கனத்தது. கடிகாரமோ வாளாவிருந்தது. ஓரமாக அமர்ந்து விரலால் நாடியை எண்ணினேன்; 130க்குக் குறையவில்லை. கடிகாரத்தின் அமைப்பைத் திறந்து பார்த்தபோது, யான் எழுதிய 115 அங்கில்லை; 138 என்றிருந்தது. திருத்தினேன். மறுநாள் மீண்டும் 138! மூன்றாம் முறையும் அவ்வாறே. வேலியே பயிரை மேய்ந்தால் விளைவது எப்படி?

இதன் காரணத்தைச் சிறிது ஆராய்வோம். உடையவனுடைய எண் கடிகாரத்தில் ஒன்றாகவும், கைப்பேசிச் செயலியில் ஒன்றாகவும், பல சமயங்களில் நிறுவனத்தாரின் கணினியில் மற்றொன்றாகவும் இருக்கின்றது. இவை அவ்வப்போது ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்துக்கொள்ளும். இதனையே ஒத்திசைவு என்பர். அப்பொழுது எண்கள் வேறுபட்டால் எதனை மெய்யென்று கொள்வது? சில செயலிகள் எப்பொழுதும் தம் எண்ணே மெய்யெனக் கொள்ளும். வேறு சில, எந்த எண் கடைசியாக எழுதப்பட்டதோ அதனையே கொள்ளும். பின்னது நியாயம்போல் தோன்றினும், அதிலும் ஒரு பொறி உள்ளது. செயலி புதுப்பிக்கப்படும்போது, பிறந்த தேதியைக் கொண்டு உடையவனது எண்ணைத் தானே மீண்டும் கணித்து, அன்றைய தேதியையும் அதற்கு இட்டுவிடக்கூடும். அப்பொழுது இரண்டு வாரத்துக்கு முன் வைத்தியர் சோதித்துச் சொன்ன எண் பழையதாகித் தோற்கிறது. அன்று காலை யந்திரம் உத்தேசமாய்ப் போட்ட கணக்கு புதியதாகி வெல்கிறது!

அவ்வுத்தேசக் கணக்கு எத்தகையது? 220இலிருந்து வயதைக் கழித்தால் வருவதே ஒருவனுடைய உச்சத் துடிப்பு என்பது எங்கும் வழங்கும் விதி. 1971இல் ஃபாக்ஸ் முதலியோர் எழுதிய கட்டுரையினின்று இது பரவிற்று. இதற்கென்று தனியே ஓர் ஆராய்ச்சி நடந்ததில்லை என்பதை 2002இல் ராபர்க்ஸ், லாண்ட்வேர் என்னும் இருவர் எடுத்துக் காட்டினர். 2001இல் டனாகா முதலிய மூவர், 351 ஆராய்ச்சிகளிற் கண்ட 18,712 பேருடைய எண்களைத் தொகுத்து நோக்கி, வயதைப் 0.7ஆற் பெருக்கி 208இலிருந்து கழிப்பதே பொருந்துமென்றனர். நாற்பது வயதினர்க்கு இரு விதியும் 180 என்றே தரும். இருபது வயது மாணவனுக்கோ, முன்னது 200 என்றும் பின்னது 194 என்றும், அறுபது வயதினர்க்கு முன்னது 160 என்றும் பின்னது 166 என்றும் கூறும். எவ்விதியைக் கொண்டாலும், ஒரே வயதினருள் ஒருவர்க்குப் பத்துத் துடிப்பு மிகுந்தும் மற்றொருவர்க்குப் பத்துக் குறைந்தும் இருத்தல் சாதாரணமே. யான் உட்கொள்ளும் மருந்தோ துடிப்பையே அடக்குவது. அதனை உட்கொள்வார்க்கு இவ்விதிகள் பொருந்தா.

நோயாளிகளுக்கு மட்டுமே இக்கேடு என்று இளைஞர் எண்ணற்க. இருபது வயதுள்ள ஓட்டக்காரன் ஒருவன், பயிற்றாசிரியர் முன்னிலையில் மேட்டில் முழுவலியோடு ஓடித் தன் உச்சத் துடிப்பு 188 என்று கண்டானென்று வைத்துக்கொள்வோம். அதில் நூற்றுக்கு எழுபது பங்கு ஏறக்குறைய 132. மெல்லென ஓடவேண்டிய நாட்களில் அவன் அதனைக் கடவாதிருத்தல் வேண்டும். செயலி 188ஐ அழித்து 200 என்றெழுதிவிடின் எல்லை 140 ஆகும். மெல்ல ஓடுவதாக எண்ணிக்கொண்டே அவன் நாடோறும் தன்னை வருத்துவான், பந்தய நாளில் களைத்து நிற்பான், காரணம் அறியான்.

இனி, செயலி செய்வோர் கூறும் சமாதானத்தையும் கேட்போம். “உடற்கூற்று நூலறிவு எல்லார்க்கும் இல்லை, புதிதாக வாங்குவோர்க்கு ஏதேனும் ஓர் எண்ணைத் தொடக்கத்தில் கொடுத்தே தீரவேண்டும், கடிகாரம் தொலைந்து வேறொன்று வாங்கினால் பழைய அமைப்புகள் கைப்பேசியிலிருந்து வருவதன்றோ வசதி?” என்பர். இவை யாவும் மெய்யே. ஒன்றும் அறியாதவனுக்கு உத்தேச எண் உதவியே ஆகும். ஆனால் எண் இல்லாத இடத்தை நிரப்புவது வேறு. இருந்த எண்ணை அழிப்பது வேறு. முதலாளி தன் கையால் எழுதிய தொகையைக் கணக்குப்பிள்ளை இராக்காலத்தில் பேரேட்டைத் திறந்து திருத்திவிட்டு, “என் கணக்கும் பெரும்பாலும் சரியாகவே வரும்” என்று சொல்வானாயின், அவனை யார் வேலையில் வைத்திருப்பார்?

ஆதலின் நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, அளந்தறிந்த எண் இது, உத்தேசமான எண் இது என்று செயலி பிரித்துக் குறித்துவைத்தல் வேண்டும். உத்தேசம் எவ்வளவு புதியதாயினும் அளந்ததை வெல்லலாகாது. இரண்டாவது, எண்கள் முரண்படும்போது உடையவனைக் கேட்டல் வேண்டும். அவன் விடை பகரும்வரை பழையதே நிற்றல் வேண்டும். மூன்றாவது, எந்த எல்லை மாறினும் அம்மாற்றத்தைக் கடிகாரத்தின் முகத்திலேயே காட்டல் வேண்டும்.

இம்மூன்றும் நிறைவேறுமளவும் நாம் செய்யத்தக்கனவும் உள. கடிகாரத்தில் மட்டும் எண்ணைத் திருத்தினால் போதாது. செயலியிலும் திருத்தி, வயதைக் கொண்டு தானே கணிக்கும் அமைப்பு இருப்பின் அதனை நிறுத்திவிட வேண்டும். எனக்கு முடிவிற் பயன்பட்டது இதுவே. ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பின்னும் எல்லையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுதல் நன்று. வைத்தியர் சொன்ன எண்ணைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். காகிதம் தன்னைத் தானே திருத்திக்கொள்ளாது. எல்லாவற்றினும் மேலாக, விரல்களை மணிக்கட்டில் வைத்து அரை நிமிஷம் எண்ணி இரண்டாற் பெருக்கும் எளிய வித்தையை ஒவ்வொருவரும் பழகிக்கொள்வீர்களாக. அன்று மேட்டுப்பாதையில் என்னைக் காத்தது அவ்வித்தையே.

கணினிக் கலை பயிலும் மாணவ நண்பர்களே! நாளை இத்தகைய செயலிகளை எழுதப்போகிறவர் நீங்களே. ஓர் எண்ணின்மீது மற்றோர் எண்ணை எழுதும்படி கட்டளையிடுவது உங்களுக்கு ஒரு வரி வேலை. அவ்வரியின் மறுபுறத்தில், வைத்தியர் வாக்கை நம்பி ஒரு மேட்டின்மீது ஏறிக்கொண்டிருக்கும் மனிதன் ஒருவன் இருக்கின்றான் என்பதை மறவாதீர்கள். அவன் எழுதிய எண்ணை மாற்றுமுன் அவனை ஒரு வார்த்தை கேளுங்கள்.