முழு உதவியும் முழு உண்மையும்

உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளைகள் உள்ள இல்லங்களிலே அண்மைக் காலமாக ஒரு கேள்வி எழுகின்றது. "முழுச் செலவையும் தாமே ஏற்றுக்கொண்டு பிறநாட்டுப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் சர்வகலாசாலைகள் அமெரிக்காவில் உண்டாமே, அது மெய்தானா?" என்று பெற்றோர் வினவுகின்றனர். மெய்தான் என்பதே நமது விடை. ஆயினும் அந்த 'முழு' என்னும் சொல்லுக்கு அங்கே என்ன பொருள் என்பதை அறியாமல் அதன் பின்னே ஓடுவோர் பலர். அப்பொருளை விளக்குவதே இவ்வாரம் நமது நோக்கம்.

முதலிற் செலவைப் பார்ப்போம். ஹார்வட் போன்ற ஒரு சர்வகலாசாலையில் ஓராண்டு படித்து, உண்டு, உறைவதற்கு 80,000 டொலருக்கு மேல் வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு எவ்வளவு என்பதை வாசகர்களே பெருக்கிக் கொள்ளலாம். இத்தொகையை அமெரிக்கரிலும் பெரும்பாலோராற் கட்ட இயலாது. ஆகவே, ஒரு குடும்பம் நியாயமாக எவ்வளவு செலுத்த முடியும் என்று கணக்கிட்டு, எஞ்சியதைச் சர்வகலாசாலையே கொடுக்கும் முறை அங்கே வளர்ந்துள்ளது. வழக்கமான அளவு சொத்துடைய குடும்பமொன்றின் ஆண்டு வருமானம் 100,000 டொலருக்கு மேற்படாதாயின் அது எதுவும் செலுத்த வேண்டியதில்லை என்று ஹார்வட் 2025ஆம் ஆண்டில் அறிவித்தது.

இங்கே நம்மவர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். புலமைப்பரிசில் என்றதும் முதலாம் பிள்ளைக்குக் கிடைக்கும் பரிசென்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஹார்வட், யேல், பிரின்ஸ்டன் முதலிய எட்டு சர்வகலாசாலைகள் சேர்ந்த கூட்டத்திலே கெட்டித்தனத்துக்கென்று பணப்பரிசு கொடுக்கும் வழக்கமே இல்லை. அனுமதி பெறுவோர் எல்லாரும் கெட்டிக்காரராகவே இருக்க, ஒருவருக்கு மட்டும் பரிசு எதற்கு? அங்கே அளக்கப்படுவது தேவை ஒன்றே. ஒரே வகுப்பிற் படித்த இருவர் அனுமதி பெற்றால், பெரிய வைத்தியரின் மகன் முதலாம் பிள்ளையாயினும் பெருந்தொகை கட்ட நேரலாம். கடற்றொழிலாளியின் மகள் ஒரு சதமும் கொடாமற் படிக்கலாம். உதவி என்பது புகழ்மாலை அன்று. குறையை நிரப்பும் கொடை.

இனி வாயில்களைப் பற்றிக் கூறுவோம். வாயில்கள் இருவகை. முதலாவது, மாணவனின் பணநிலையைப் பாராமலே அனுமதியைத் தீர்மானித்து, பின்னர் அவன் தேவை முழுவதையும் நிரப்பும் வகை. பிறநாட்டு மாணவருக்கும் இம்முறையைக் கைக்கொள்வன மிகச் சிலவே. ஹார்வட், யேல், பிரின்ஸ்டன், மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், அம்ஹர்ஸ்ட் கல்லூரி என்பன நெடுநாளாக இவ்வரிசையில் உள்ளன. 2022ஆம் ஆண்டில் டாட்மத், போடன் ஆகிய கல்லூரிகள் இவற்றோடு சேர்ந்தன. பின்னர் பிரவுன், நொத்ர் டாம் ஆகியனவும் சேர்ந்துள்ளன.

இரண்டாவது வகை, பணநிலையையும் பார்த்தே அனுமதியைத் தீர்மானிப்பது. பெயர்பெற்ற ஏனைய சர்வகலாசாலைகள் பெரும்பாலும் இவ்வகையின. ஸ்டான்போட், கொலம்பியா, கோர்ணெல் போன்றன அனுமதித்த பிறநாட்டு மாணவனின் தேவையை முழுவதும் நிரப்புகின்றன. ஆனால் அனுமதிக்கும் போதே அவனுக்கு எவ்வளவு வேண்டுமென்பதையும் எண்ணுகின்றன. பிறநாட்டாருக்கென ஒதுக்கிய தொகைக்கு ஓர் எல்லை உண்டு. முழு உதவி கேட்கும் ஒருவனுக்குக் கொடுக்கும் பணத்தால், பாதி உதவி கேட்கும் இருவரைச் சேர்க்கலாம் அல்லவா? ஆகவே தகுதி இருந்தும் தேவை மிகுந்த பிள்ளை அங்கே பின்தள்ளப்படுதல் கூடும். இது கசப்பான செய்தியே. ஆயினும் அறியாமல் ஏமாறுவதிலும் அறிந்து நடப்பது நன்று.

இங்கேதான் பெற்றோரின் மனம் தடுமாறுகின்றது. "உதவி வேண்டாம் என்று எழுதிவிட்டு முதலில் உள்ளே நுழைவோம், பிறகு கேட்டுப் பார்ப்போம்" என்பார் சிலர். இது மிகப் பிழையான யோசனை. விண்ணப்பிக்கும் போது உதவி கேளாத பிறநாட்டு மாணவர் பின்னர் கேட்க இடமில்லை என்று பல கல்லூரிகள் விதித்திருக்கின்றன. அனுமதிக் கடிதம் கையில் இருக்கும்; கட்டப் பணம் இராது. அதன்பின் காணி ஈடு வைக்கப்படும். தாலிக்கொடியும் அடைவு கடைக்குப் போகும். முதலாண்டு எப்படியோ கழிந்தாலும் இரண்டாமாண்டிற் பிள்ளை பாதி வழியிலே நிற்க நேரும். இன்னுஞ் சிலர் இதற்கு மாறாக, உள்ள வருமானத்தை மறைத்துக் குறைத்து எழுதுவர். பொய் வெளிப்பட்டால் அனுமதியே நீக்கப்படும். பட்டம் பெறும் தறுவாயிலும் அது பிள்ளையைத் தொடரும். இருப்பதாகக் காட்டுவதும் பொய். இல்லாததாகக் காட்டுவதும் பொய். முழு உதவி கேட்பவனிடத்தில் முழு உண்மையும் இருத்தல் வேண்டும் என்பதே நாம் வற்புறுத்துவது.

உண்மையை எழுதுவதும் அத்துணை எளிதன்று. சீ.எஸ்.எஸ். புரொபைல் என்னும் நீண்ட விண்ணப்பப் பத்திரத்தைப் பல சர்வகலாசாலைகள் கேட்கின்றன. தந்தையின் சம்பளம், தாயின் சம்பளம், வங்கியிருப்பு, வீடு, காணி, கடன் எல்லாம் அதிலே கேட்கப்படும். நம்மவரில் எத்தனை பிள்ளைகளுக்குத் தம் தந்தையின் சம்பளம் தெரியும்? எத்தனை தந்தையர் தம் கடனை மனைவிக்கேனும் சொல்லியிருக்கின்றனர்? வறுமையை மூடி வைப்பதே மானம் என்று வளர்ந்த சமூகம் நமது. ஆனால் அந்தப் பத்திரத்தின் முன்னே மூடி வைத்த கை பிள்ளைக்கு உதவாது.

நம் நாட்டு நிலைமைக்கே உரிய சில செய்திகளும் உண்டு. சீதனமாக வந்த வீடு மதிப்பிலே பெரிதாயிருக்கும். ஆனால் அதிலே பாட்டி வசிப்பாள், அது தங்கைக்கென ஒதுக்கப்பட்டிருக்கும், விற்க முடியாது. கனடாவில் உள்ள மாமன் மாதந்தோறும் பணம் அனுப்புவார். அதை வருமானமென்று எண்ணாமல் விட்டுவிடுவர். தோட்டத்து வெங்காயம் ஓராண்டு விலைபோகும், மறு ஆண்டு மழையில் அழுகும். இவற்றையெல்லாம் பத்திரத்தின் கட்டங்களுக்குள் அடக்க இயலாது. தனியே ஒரு கடிதம் எழுதி, ஆடம்பரமின்றி, அழுகையுமின்றி, உள்ளதை உள்ளபடி விளக்குதல் வேண்டும். கணக்கு டொலரிலே நடப்பதையும் மறத்தலாகாது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறியது. சம்பளப் பட்டியலில் ஒரு ரூபாவும் குறையாமலே, டொலர்க் கணக்கில் ஓர் ஆசிரியரின் வருமானம் பாதியளவுக்கு இறங்கிற்று. இத்தகைய மாற்றங்களை எடுத்துச் சொன்னாலன்றி தூரத்திலிருந்து கணக்குப் பார்ப்பவர் எங்ஙனம் அறிவார்?

அமெரிக்கரின் பணத்தில் நம்மவர் கல்வி கற்றல் புதிதன்று. 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையிலே அமெரிக்க மிசனரிமார் ஒரு செமினரியை நிறுவினர். அதன் முதல் அதிபர் டானியல் பூவர் டாட்மத் கல்லூரியின் பட்டதாரி. அங்கே பிள்ளைகள் உண்டி, உறையுள், கல்வி யாவும் இலவசமாகப் பெற்றனர். அவர்களுட் பலருடைய செலவை அமெரிக்காவிலிருந்த கொடையாளர் ஏற்றனர். கொடையாளரின் பெயரே பிள்ளைக்கும் சூட்டப்பட்டது. கறல் விசுவநாதபிள்ளை என்னும் பெயரிலே அவ்வழக்கத்தின் சுவடு இன்றும் நிற்கின்றது. மதமும் அக்கொடையோடு சேர்ந்தே வந்தது. அக்கல்வியால் நம் நாடு அடைந்த பயனை எவரும் மறுக்கார். ஆயினும் அந்த உதவிக்கு ஒரு விலை இருந்தது. இன்று அதே டாட்மத் யாழ்ப்பாணத்துப் பிள்ளையிடம் பெயரையும் கேட்பதில்லை, சமயத்தையும் கேட்பதில்லை. குடும்பத்தின் உண்மை நிலையை மட்டும் கேட்கின்றது. இந்த விலையைக் கொடுக்க நாம் ஏன் கூச வேண்டும்?

'முழு' என்பதற்குள் அடங்காதவையும் உள. கடவுச்சீட்டு, விசாக் கட்டணம், மாணவர் பதிவுக்கென அந்நாட்டு அரசு அறவிடும் 350 டொலர் ஆகியன முன்கூட்டியே வேண்டும். விமானச் செலவைச் சில கல்லூரிகள் கணக்கிற் சேர்க்கும், சில சேர்க்கா. உணவுக்கும் உறையுளுக்கும் கொடுக்கப்படும் தொகையில் அந்நாட்டு அரசு 14 விழுக்காடு வரி பிடிப்பதும் வழக்கம். உதவித் தொகையிலே ஒரு பகுதி கடனாகவோ வேலையாகவோ இருக்கின்றதா என்றும் கேட்டறிதல் வேண்டும். வில்லியம்ஸ் கல்லூரி 2022இல் அவ்விரண்டையும் நீக்கி யாவற்றையும் கொடையாகவே மாற்றியது. எல்லாக் கல்லூரிகளும் அவ்வாறு செய்யவில்லை. விண்ணப்பக் கட்டணத்தைக் கட்ட இயலாதவர் விலக்குக் கேட்கலாம். கேட்பதனாற் குறைவொன்றும் நேராது. ஆனால் "முழு உதவி எடுத்துத் தருகின்றோம், இவ்வளவு இலட்சம் தாருங்கள்" என்று வீடு தேடி வரும் தரகருக்குக் கதவைத் திறவாதீர்கள். தேவையை அளந்து கொடுக்கும் கொடையைத் தரகர் வாங்கித் தருதல் எங்ஙனம்?

ஆசிரியராகிய நமக்கும் இதிலே பங்குண்டு. "இவர் ஒழுக்கமும் ஊக்கமும் உள்ளவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகின்றேன்" என்று எல்லாருக்கும் ஒரே அச்சிற் கொடுக்கும் நற்சான்றிதழ் அங்கே செல்லாது. இம்மாணவன் என்ன கேள்வி கேட்டான், எதைத் தானே கற்றான், தோல்வியை எவ்வாறு தாங்கினான் என்று ஆசிரியர் எழுதவேண்டும். கடைசி வாரத்திலே ஓடிவந்து கடிதம் கேட்கும் மாணவனைப் பற்றி எவராலும் அவ்வாறு எழுத இயலாது. முந்திய விண்ணப்பங்கள் கார்த்திகையிலும், ஏனையவை பெரும்பாலும் தை பிறக்கும் காலத்திலும் முடிவடைகின்றன. ஆகவே ஓராண்டுக்கு முன்னரே ஆயத்தம் தொடங்க வேண்டும்.

இனி எண்ணிக்கையைப் பாருங்கள். 2024இல் ஹார்வட்டுக்கு விண்ணப்பித்தோர் 54,008 பேர். அனுமதி பெற்றோர் 1,937 பேர். நூற்றுக்கு நால்வரும் இல்லை. இவ்வளவு ஒடுங்கிய வாயிலிலே திருப்பி அனுப்பப்படுவதைப் பிள்ளையின் அறிவுக்குக் கிடைத்த தீர்ப்பென்று கொள்ளுதல் அறியாமை. இடம் கிடைத்த பின்னரும் விசா என்னும் தடை உண்டு. 2025ஆம் ஆண்டு மே மாத இறுதியில் அமெரிக்க அரசு மாணவர் விசாவுக்கான புதிய நேர்முகங்களைச் சில வாரம் நிறுத்தி வைத்து, சமூக வலைத்தளக் கணக்குகளையும் ஆராயும் விதியோடு மீளத் தொடங்கியது. நம் கையில் இல்லாதவை இவ்வளவு இருக்க, அந்த ஒரு வாயிலையே நம்பி உயர்தரப் பரீட்சையைக் கைவிடுதல் தகுமா? அக்கரைப் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று இங்குள்ள பாடங்களைத் தள்ளிவைக்கும் மாணவரைக் காண நமக்கு அச்சமாயிருக்கின்றது.

நம் நாட்டிலும் ஒரு முழு உதவி உண்டு என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். 1945ஆம் ஆண்டு தொடக்கம் கன்னங்கராவின் முயற்சியால் நிலைபெற்ற இலவசக் கல்வி, பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை செல்கின்றது. இசட் புள்ளி போதுமாயின், தந்தையின் சம்பளத்தை எவரும் கேளாமலே மருத்துவமும் பொறியியலும் கற்கலாம். அந்த இடத்தை உறுதி செய்து கொண்டு, அதன்மேல் நின்று அக்கரையை எட்டிப் பார்ப்பதே விவேகம்.

ஆகவே பெற்றோருக்கும் மாணவருக்கும் நாம் கூறுவது இதுவே. ஒரு மாலைப் பொழுதிலே எல்லாரும் ஒன்றாயிருந்து, வருமானம் எவ்வளவு, கடன் எவ்வளவு, ஆண்டொன்றுக்கு மெய்யாகக் கொடுக்கக் கூடியது எவ்வளவு என்று மூன்று எண்களை ஒரு தாளில் எழுதுங்கள். பணநிலை பாராத வாயில்கள் சிலவற்றையும், பார்க்கும் வாயில்கள் சிலவற்றையும், உள்நாட்டு இடத்தையும் அதன்கீழ்க் குறியுங்கள். தான் படிப்பதற்கு வீடு எவ்வளவு தாங்கும் என்று அறிந்த பிள்ளை வீண் ஆசை கொள்ளாது. வீண் தாழ்வும் கொள்ளாது. விண்ணப்பம் ஏற்கப்பட்டாலும் மறுக்கப்பட்டாலும், அந்தத் தாளிலே எழுதிய உண்மையால் அக்குடும்பம் ஒருபடி உயர்ந்தே நிற்கும்.