மறைத்தல் மருந்தாகாது

விழா மலரிலே நோயைப் பற்றிய பேச்சு எதற்கு என்று வினவுவார் உளராகலாம். ஒரு கல்லூரியின் பெருமை அது வென்ற கேடயங்களால் மாத்திரம் அளக்கப்படுவதன்று. கடைசி வாங்கிலே நலிந்திருக்கும் மாணவனை அது நடத்தும் முறையாலும் அளக்கப்படும் என்பது எம் துணிபு.

பாரிசவாதம் முதியோர்க்கே உரியது என்பது நம்மவர் பலரது எண்ணம். அஃது உண்மையன்று. கருவிலிருக்கும் சிசுவையும் பள்ளிச் சிறுவனையும் அந்நோய் தாக்குவதுண்டு. மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் நாடி அடைபட்டாலும் வெடித்தாலும், அது ஊட்டிய பகுதி சிதைவுறும். வளர்ந்தோரிடத்துக் கைகால் சோர்தலும் நாக்குழறுதலும் அதன் முதற்குறிகள். பச்சிளங் குழந்தையிடத்தோ பெரும்பாலும் வலிப்பே முதற்குறி. மூளையில் எஞ்சிய வடுவினால் ஆண்டுகள் பல கழிந்தபின் வலிப்பு நோய் தோன்றுதலும் உண்டு. ஆதலின் இவ்விரு நோய்களையும் அறிஞர் ஒருங்கே ஆராய்கின்றனர்.

அவ்வாராய்ச்சியின் பயன் சிறிதன்று. 1929 இல் ஜேர்மனிய வைத்தியர் ஹான்ஸ் பேகர் மனித மூளையின் மின்னலைகளைப் பதிந்து வெளியிட்டார். பின்வந்தோர் அம்முறையைக் கையாண்டு, பேய்க்குற்றம் எனப்பட்ட வலிப்பு மூளையின் மின்னியக்கக் குழப்பமே எனத் தாளிலே வரைந்து காட்டினர். அரிவாள் வடிவக் குருதிக் கலங்களாற் சோகையுற்ற பிள்ளைகளைப் பாரிசவாதம் எளிதிற் பற்றும். செவிக்குப் புலப்படா ஒலியலையால் மூளை நாடிகளிற் குருதியோட்டத்தின் வேகத்தை அளந்து, ஆபத்து மிக்க 130 பிள்ளைகளை வட அமெரிக்க வைத்தியர்கள் தெரிந்தெடுத்தனர். 63 பேருக்குக் காலந்தோறும் குருதி ஏற்றினர். 67 பேருக்கு வழக்கமான பராமரிப்பையே அளித்தனர். பின்னவருள் 11 பேரைப் பாரிசவாதம் தாக்கியது; முன்னவருள் ஒருவரையே தாக்கியது. குறித்த காலத்துக்கு முன்னரே சோதனையை நிறுத்தி, ஏனையோர்க்கும் அச்சிகிச்சையை அளிக்க முன்வந்தனர். 1998 இல் வெளியான இவ்வாய்வு, நோய் வருமுன் காத்தல் கூடும் என்பதை நிலைநாட்டியது.

எனினும், மறைக்கப்பட்ட பிள்ளைக்கு எவ்வாராய்ச்சியும் உதவாது. தக்க சிகிச்சை கிடைப்பின் வலிப்பு நோயாளருள் நூற்றுக்கு எழுபதின்மர் வரை வலிப்பின்றி வாழலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நாமோ வெட்கத்தாற் கதவடைக்கின்றோம். நாம் இளமையிற் பயின்ற பள்ளியொன்றில் நண்பன் ஒருவன் வலிப்புற்று வீழ்ந்தான். அவன் கையிலே இரும்புத் திறப்பைத் திணித்தனர். வாயினுட் கரண்டியைச் செலுத்தினர். மறுநாள் முதல் அவனை வீட்டில் வைத்திருக்குமாறு தந்தையாரிடம் கூறப்பட்டது. நாமும் அவனைத் தேடிச் சென்றிலேம். அக்குற்றத்தில் எமக்கும் பங்குண்டு.

செய்யற்பாலன சிலவே. வீழ்ந்தவனை ஒருக்களித்துக் கிடத்துக. வாயில் எதனையும் இடாதொழிக. ஐந்து நிமிடம் கடந்தும் வலிப்பு ஓயாதாயின் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. சிறுவன் ஒருவனுக்குத் திடீரென ஒரு பக்கம் சோர்ந்தாலோ பேச்சுக் குழறினாலோ, விடியட்டும் எனக் காத்திராதீர். இவற்றை ஆசிரியரும் மாணவரும் பயில ஆண்டுதோறும் ஒரு நாளைப் பழைய மாணவர் சங்கம் ஒதுக்குமாக. நோயுற்ற பிள்ளை மறுநாளும் தன் வாங்கிலே வந்தமரும் கல்லூரியே விழாவெடுக்கத் தக்கது.