நெட்டுரு வாதங்கள்

1922 டிசம்பரில் கயா காங்கிரஸில் சட்டசபைப் பிரவேசம் வேண்டுமென்றார் தலைமை வகித்த தேசபந்து தாஸ்; கூடாதென்று எதிர்த்து நின்று வென்றார் ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார். 1923 செப்டம்பரில் டில்லி விசேஷ காங்கிரஸோ பிரவேசத்துக்கு அனுமதி அளித்தது. பகிஷ்கார வாதத்தை ஆராயாமல் நெட்டுருப் போட்டவரின் கதி யாது? ஒன்பதே மாதத்தில் வாயடைத்து நிற்க வேண்டியதுதான்.

இதற்குச் சோம்பல் ஒன்றே காரணமென்று நாம் கருதவில்லை. எதிரியின் பேச்சில் சிறிது நியாயத்தை ஒப்புக்கொண்டாலும் ‘கட்சி மாறிவிட்டான்’ என்று தோழர்கள் தூற்றுவார்களென்ற அச்சமே பெரிது. வக்கீலும் ஒரு தரப்பையே பேசுகிறார், மெய்தான். ஆனால் கோர்ட்டில் குறுக்கு விசாரணை உண்டு, தீர்ப்பளிக்க நியாயாதிபதி உண்டு. பொதுக்கூட்டத்தில் கரகோஷந்தான் உண்டு.

எதிர்த் தரப்பின் வாதத்தை அத்தரப்பாரே ஒப்பும்படி எடுத்துச் சொல்லத் தெரியாத எவரையும் பிரசாரத்துக்கு அனுப்ப வேண்டாமென்று அரசியல் கமிட்டிகளைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.