நெல்லித்தோப்பு ஓட்டும் லாட்டரிச் சீட்டும்

“யார் வந்தால் என்ன, எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டை!” இந்தப் பேச்சு நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் கேட்கிறது. பாகூர் வயல் வரப்பிலும் கேட்கிறது. மூடிக் கிடக்கிற மில்லின் கதவைப் பார்த்துப் பார்த்து அலுத்த தொழிலாளியும் இதையே சொல்கிறார். அரசியல் ஞானம் இல்லாத ஜனங்கள் என்று பெரிய மனிதர்கள் முகம் சுளிக்கிறார்கள். நாம் சுளிக்கவில்லை. இந்த வெறுப்பு வானத்திலிருந்து விழுந்ததல்ல. கணக்குப் பார்த்து வந்த வெறுப்பு. அந்தக் கணக்கை நாமும் ஒரு முறை புரட்டுவோம்.

நெல்லித்தோப்புத் தொகுதியையே எடுத்துக் கொள்ளுங்கள். 2016 மே மாதம் இங்கே ஜனங்கள் வெயிலில் வரிசை நின்று காங்கிரஸ் அபேட்சகர் ஜான்குமாரை எம்.எல்.ஏ. ஆக்கினார்கள். ஐந்து வருஷத்துக்கு என்று நம்பித்தான் ஓட்டுப் போட்டார்கள். ஆனால் அந்தத் தேர்தலில் நிற்காத நாராயணசாமி முதல் மந்திரியானார். ஆறு மாதத்துக்குள் அவர் சபையில் உறுப்பினராக வேண்டும். ஆகவே ஜான்குமார் ராஜினாமா செய்தார். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்துக் கொடுக்கிறார்களே, அது போல! 2016 நவம்பர் 19-ம் தேதி இடைத்தேர்தல். அதற்குப் பதினோரு நாள் முன்புதான் மோடி சர்க்கார் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகளைச் செல்லாக்காசு ஆக்கியிருந்தது. பாங்கு வாசலில் ஒரு வரிசை, ஓட்டுச் சாவடியில் ஒரு வரிசை. இரண்டிலும் கால் கடுக்க நின்றவர்கள் உழைப்பாளி ஜனங்கள். பதினோராயிரம் வாக்குக்கு மேல் வித்தியாசத்தில் முதல் மந்திரி ஜெயித்தார்.

அதன் பிறகு? துண்டு போட்டு இடம் பிடித்தவர் 2019-ல் காமராஜ் நகர் இடைத்தேர்தலில் மறுபடியும் காங்கிரஸ் எம்.எல்.ஏ. ஆனார். 2021 பிப்ரவரியில் அதையும் உதறிவிட்டுப் பாரதிய ஜனதாவுக்குப் போனார். இடத்தை வாங்கி உட்கார்ந்தவரோ 2021 தேர்தலில் நிற்கவே இல்லை. அந்தத் தேர்தலில் நெல்லித்தோப்பில் தாமரைச் சின்னத்தில் ஜெயித்தவர் ஜான்குமாரின் மகன். தகப்பனார் அதே சின்னத்தில் காமராஜ் நகரில் ஜெயித்தார். 2025 ஜூலையில் மந்திரியும் ஆனார். கை தாமரையாயிற்று, குடும்பம் மாறவில்லை. ஒரு வீட்டு மனைக்குப் பட்டா மாற்ற நீங்களும் நாங்களும் தாலுகா ஆபீசுக்கு நடக்கிற நடைகூட இவர்களுக்குக் கிடையாது.

இந்த ஊருக்கு இது புதிதா என்றால், புதிதல்ல. பிரெஞ்சுக்காரர் பக்கம் நின்ற எதுவார் குபேர் 1954-ல் காற்று திரும்பியதும் இந்திய யூனியன் பக்கம் வந்தார். 1963-ல் காங்கிரஸ் முதல் மந்திரியாக நாற்காலியில் அமர்ந்தார். அன்று ஒருவர் செய்ததை இன்று ஒரு தொழிலாகவே நடத்துகிறார்கள்.

தொழில் என்று சொன்னோம். அதன் நுணுக்கத்தைக் கேளுங்கள். கட்சி மாறினால் பதவி போகும் என்று 1985-ல் சட்டம் வந்தது. சரி, கட்சி மாறாதே, ராஜினாமா செய்துவிடு! சபையின் எண்ணிக்கை குறையும், மந்திரிசபை கவிழும், அடுத்த தேர்தலில் வேறு சின்னத்தில் நிற்கலாம். 2021-ல் இதுதான் நடந்தது. 33 பேர் உள்ள சபை 26 ஆகச் சுருங்கியது. ஆளும் பக்கம் சபாநாயகரையும் சேர்த்து 12 பேர். எதிர்ப்பக்கம் 14 பேர். அந்த 14-ல் மூன்று பேர் யார்? ஒரு ஓட்டுக்கூட வாங்காதவர்கள்! டில்லி சர்க்கார் நியமித்த பாரதிய ஜனதாக்காரர்கள். இப்படி நியமிப்பது செல்லும் என்று 2018 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. அந்த மூவரைக் கழித்துப் பாருங்கள்: 12-க்கு 11. பிப்ரவரி 22-ம் தேதி மந்திரிசபை விழுந்தது. முந்தைய மந்திரிசபையில் பொதுப்பணித்துறை மந்திரியாக இருந்த நமச்சிவாயம் புதிய மந்திரிசபையில் உள்துறை மந்திரியானார்.

இப்படியிருக்க, “யார் வந்தால் என்ன” என்று கேட்கிறவரைக் குறை சொல்ல யாருக்கு யோக்கியதை இருக்கிறது? 1898-ல் தோன்றிய ஏ.எப்.டி. மில், நம் பெரியவர்கள் ரோடியர் மில் என்று சொன்ன மில், 2020 ஏப்ரல் 30-ம் தேதியோடு மூடப்பட்டது. மறுநாள் மே தினம்! சுதேசி, பாரதி மில்களுக்கும் அதே ஆண்டில் அதே கதி. இந்த மில்களை நலியவிட்டதில் ஆட்சி செய்த எந்தக் கட்சிக்குப் பங்கில்லை? ரங்கசாமி ஆண்டார், நாராயணசாமி ஆண்டார், மறுபடி ரங்கசாமி ஆண்டார். மில் சங்கு மட்டும் ஊதவில்லை.

ஆனால் தோழர்களே, வெறுப்பு நியாயமானது என்பதோடு நாம் நிறுத்திக் கொண்டால் ஏமாந்து போவோம். உழுது போட்ட நிலம் சும்மா கிடக்காது. நாம் விதைக்காவிட்டால் வேறொருவன் விதைப்பான்.

2011-ல் ஒரு விதைப்பைப் பார்த்தோம். 2001 முதல் 2008 வரை காங்கிரஸ் முதல் மந்திரியாக இருந்த ரங்கசாமி, தன் கட்சிக்காரர்களாலேயே இறக்கப்பட்டார். 2011 பிப்ரவரியில் தம் பெயரின் எழுத்துகளையே கட்சிக்குச் சூட்டினார். மூன்று மாதத்தில் 15 இடம், முதல் மந்திரி பதவி! எளிய மனிதர், மோட்டார் சைக்கிளில் வருகிறார், கூப்பிட்டால் நிற்கிறார் என்றார்கள். நிற்கட்டும், நல்லதுதான். ஆனால் கட்சி என்றால் ஒரு மனிதர், கொள்கை என்றால் அவருடைய மனசு, தீர்மானம் என்றால் அவருடைய மௌனம் என்று ஆன பிறகு, மில் தொழிலாளி தன் வழக்கை எந்தக் கமிட்டியில் வைப்பான்?

2025 டிசம்பரில் இன்னொரு விதைப்பு வந்தது. லாட்டரி அதிபர் சான்டியாகோ மார்ட்டினின் மகன் ஜோஸ் சார்லஸ் மார்ட்டின் புதுச்சேரியில் லட்சிய ஜனநாயகக் கட்சி தொடங்கினார். பழைய கட்சிகள் மேல் வெறுப்பா, இதோ புதுக்கட்சி! மார்ட்டினின் கம்பெனி தேர்தல் பத்திரங்கள் வாங்கிய கணக்கு 2024 மார்ச்சில் வெளியே வந்ததை நாம் மறக்கவில்லை. 1,368 கோடி ரூபாய், நாட்டிலேயே முதலிடம். அந்தப் பணம் திரிணாமுல் காங்கிரசுக்கும் போயிற்று, தி.மு.க.வுக்கும் போயிற்று, பாரதிய ஜனதாவுக்கும் காங்கிரசுக்கும் போயிற்று. லாட்டரிச் சீட்டு வாங்குகிறவன் யார்? கூலிக்காரன். விழாத சீட்டுக்குக் கொடுத்த அவன் காசுதான் கோடியாகிக் கட்சிகளுக்குப் போனது. அந்தக் கட்சிகள் கெட்டுவிட்டன, ஆகவே நானே வருகிறேன் என்று அந்தப் பணத்தின் வாரிசு வருவது வேடிக்கை அல்லவா!

இத்தாலியில் இந்த வேடிக்கை முன்பே நடந்தது. 1992-ல் லஞ்ச வழக்குகள் வெடித்து அங்கே பழைய கட்சிகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. ஜனங்களுக்கு அரசியல்வாதி என்றாலே குமட்டல். டெலிவிஷன் கம்பெனிகளுக்கும் கால்பந்துக் கிளப்புக்கும் சொந்தக்காரரான பெர்லுஸ்கோனி, நான் அரசியல்வாதி இல்லை என்று சொல்லிக் கொண்டு 1994 ஜனவரியில் வந்தார். மே மாதம் பிரதம மந்திரி. கட்சிகளுக்குக் கப்பம் கட்டுவதை விட முதலாளியே கட்சியாகிவிடுவது லாபம் என்று உலகத்துக்கே காட்டினார்.

“அவர்களாவது பண்டிகைக்கு ஒரு பை கொடுக்கிறார்களே” என்று சிலர் கேட்கலாம். இல்லாத வீட்டில் வாங்குகிறவரை நாம் இழித்துப் பேச மாட்டோம். அரிசி வாங்குவதும் கேவலமல்ல. ஆனால் ரேஷன் கார்டின் பேரில் வருகிற அரிசி வேறு, ஒருவர் படத்தை அச்சடித்து வருகிற பை வேறு. முன்னது வராவிட்டால் ஏன் வரவில்லை என்று சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். பின்னது வராவிட்டால் அடுத்த பண்டிகை வரை காத்திருக்க வேண்டும்.

இது வெறும் வார்த்தையல்ல. நம் ஊரிலேயே பார்த்தோம். அரிசிக்குப் பதில் பணம் என்று ராஜ்நிவாசில் இருந்த கிரண்பேடி அம்மையார் பிடிவாதம் பிடித்தார். 2019 பிப்ரவரியில் முதல் மந்திரியே கறுப்புச் சட்டையோடு ராஜ்நிவாஸ் வாசல் தெருவில் படுத்தார். அரிசி வரவில்லை. ரேஷன் கடைகள் வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. கடை ஊழியர்கள் சம்பளம் கேட்டுத் தெருவில் நின்றார்கள். “பெஸ்ட் புதுச்சேரி” ஆக்குவேன் என்று 2021-ல் மோடி வந்து சொன்ன பிறகும் கடை திறக்கவில்லை. பெண்கள் விடவில்லை. ஓட்டுக் கேட்டு வந்தவர்களையெல்லாம் ரேஷன் கடை எங்கே என்று கேட்டார்கள். 2024 பார்லிமெண்டுத் தேர்தலில் உள்துறை மந்திரி நமச்சிவாயமே பாரதிய ஜனதா அபேட்சகராக நின்று 1 லட்சத்து 36 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். அதே ஆண்டு தீபாவளிக்கு முன் கடைகள் திறந்தன! இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்கிறவர் சொல்லட்டும். “யார் வந்தால் என்ன” என்று வீட்டில் இருந்திருந்தால் அந்தப் பூட்டு துருப்பிடித்தே போயிருக்கும்.

அதற்கும் முன்னே, ஓட்டே ஒழுங்காக இல்லாத பிரெஞ்சுக் காலத்தில், 1936 ஜூலை 30-ம் தேதி சவானா மில் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிக்குப் பலியானார்கள். 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலைச் சட்டம் பிறந்தது. அதை எந்த வள்ளலும் பையில் போட்டுக் கொடுக்கவில்லை. கேட்டவர்கள் சங்கமாகக் கேட்டார்கள். யாரிடம் கேட்கிறோம், என்ன கேட்கிறோம் என்று தெரிந்து கேட்டார்கள்.

ஆகவே அடுத்து எந்தத் தேர்தல் வந்தாலும், பழைய கொடியோ புதுக் கொடியோ, ஓட்டுக் கேட்டு வருகிறவரை வாசலிலேயே நிறுத்துங்கள். ஒருவராக அல்ல, தெருவாகச் சேர்ந்து நிறுத்துங்கள். ஏ.எப்.டி. நிலத்தில் என்ன வரப் போகிறது, மில்லா மாளிகையா? தேர்தலுக்கு நீ செலவழிக்கும் பணம் யாருடையது? டில்லி நியமிக்கிற மூன்று பேரை எதிர்த்துச் சபையில் பேசுவாயா? கடைசியாக இதையும் கேளுங்கள்: நடுவில் ராஜினாமா செய்வதாக இருந்தால், ஓட்டுப் போட்ட எங்களைக் கூட்டி வைத்துக் கேட்டுவிட்டுச் செய்வாயா, இல்லை ராத்திரியோடு ராத்திரியாகக் காரேறிப் போவாயா?