பெண்கள் பதவி உயர்வை மறுப்பது ஏன்?



“பெண்களே பதவி உயர்வு வேண்டாம் என்கிறார்கள், நாங்கள் என்ன செய்ய?” என்று பல நிர்வாகங்கள் கைவிரிக்கின்றன. பொதுத்துறை வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு இந்தப் பேச்சு வேதனை தருகிறது. கிளார்க்காக இருப்பவர் அதிகாரியானால் பெரும்பாலும் வெளியூர் மாற்றல்தான். கணவருக்கு மாற்றல் என்றால் குடும்பமே மூட்டை கட்டும். மனைவிக்கு என்றால், பிள்ளையின் பத்தாம் வகுப்பும் மாமியாரின் மருந்தும் முன்னால் வந்து நிற்கும். தேர்வு எழுதித் தேறிய பிறகும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த தோழிகளை நான் அறிவேன். கிளையையே நடத்தும் திறமை அவர்களுக்கு இருந்தது, ஆசையும் இருந்தது.

தடைகளைத் தாண்டி மேலே வந்தவர்களும் உண்டு. 1977இல் பாரத ஸ்டேட் வங்கியில் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்த அருந்ததி பட்டாச்சார்யா, 2013இல் அதன் முதல் பெண் தலைவரானார். குழந்தை வளர்ப்புக்காகவும் முதியோரைக் கவனிக்கவும் பெண் ஊழியர்கள் இரண்டு ஆண்டுவரை விடுப்பில் சென்று திரும்பும் ஏற்பாட்டை அவர் கொண்டுவந்தார். குடும்பப் பொறுப்பின் சிரமத்தை உணர்ந்தவர் மேலே இருந்ததால் வந்த மாற்றம் இது என்றே நான் நினைக்கிறேன்.

மகப்பேறு விடுப்பை 26 வாரமாக்கிய 2017 சட்டத் திருத்தம், 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று விதித்தது. அது முறையாக நடக்கிறதா என்று தொழிலாளர் துறை நேரில் சென்று பார்க்கட்டும். பதவி உயர்வு பெறும் பெண்களுக்கு நிர்வாகங்கள் முதல் இரண்டு ஆண்டுகளாவது பக்கத்து ஊரில் பணியிடம் தரட்டும். மாலை ஆறு மணிக்கு மேல் ஆய்வுக் கூட்டம் வைக்கும் வழக்கத்தையும் நிறுத்தட்டும்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
திருநெல்வேலி