வலியில்லாத காயம்



நமது இரத்தக் குழாயின் உட்புறத்தை ஒரே அடுக்கான கலங்கள் விரிப்புப் போல மூடியிருக்கின்றன. எல்.டி.எல். எனும் கொலஸ்ட்ரோல் துணிக்கைகள் இரத்தத்தில் மிகும்போது, அவ்விரிப்பின் கீழே புகுந்து தங்குகின்றன. நாட்பட்ட எண்ணெய் கெடுவதைப் போல அங்கே அவை ஒட்சியேற்றமடைந்து, அக்கலங்களையே காயப்படுத்துகின்றன. குழாயைத் தளர்த்துகின்ற நைட்ரிக் ஒக்சைட் குறைகிறது. கெட்ட துணிக்கைகளை விழுங்க வரும் வெண்குழியங்களும் கொழுப்பால் நிறைந்து அங்கேயே தேங்குகின்றன. அடைப்பு இப்படித்தான் ஆரம்பமாகிறது, வலி தெரியாது.

விட்டமின் ஈ மாத்திரை இதைத் தடுக்கும் என்று பலர் நம்பினார்கள். 9,000 இற்கும் அதிகமானோரிடம் நடத்தப்பட்டு 2000 ஆம் ஆண்டு வெளியான ‘ஹோப்’ ஆய்வில், அது மாரடைப்பைக் குறைக்கவில்லை. ஆகவே அதற்குக் காசு செலவழிக்காதீர்கள். வீட்டு ஆண்களின் சிகரட்டை நிறுத்தச் செய்யுங்கள். டொக்டர் தந்த கொலஸ்ட்ரோல் மாத்திரையை, “இப்போது சுகம்தானே” என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.