நா டிராங் சாலை



வியட்நாம் நாட்டில் இரவுப் பயணத்திற்கெனப் படுக்கைப் பேருந்துகள் ஓடுகின்றன. ஏறும் படியிலேயே காலணிகளைக் கழற்றி, அவர்கள் தரும் பிளாஸ்டிக் பையில் இட்டுக்கொள்ள வேண்டும். உள்ளே மூன்று வரிசைகளாக, கீழும் மேலுமாக, ஒடுங்கிய படுக்கைகள். முன்னால் இருப்பவரின் முதுகுச் சாய்மானத்திற்கு அடியில் ஒரு பெட்டி போன்ற அமைப்பு. நம் கால்கள் அதற்குள் புகவேண்டும். முழுமையாகப் படுக்கவும் இயலாது, நிமிர்ந்து அமரவும் இயலாது. குட்டையானவர்களுக்கு அது மஞ்சம். என்னைப் போன்ற நெடியவர்களுக்கோ தவக்காலம்!

உரோமையில் என்னுடன் பயின்ற வியட்நாமியக் குரு ஒருவரின் அழைப்பிற்கிணங்க, சென்ற ஆண்டு அங்குச் சென்றிருந்தேன். சைகோன் நகரிலிருந்து (1976-இல் ஹோ சி மின் நகர் எனப் பெயர் மாறியும், மக்கள் நாவில் அது இன்றும் சைகோன்தான்) நா டிராங் என்னும் கடற்கரை நகருக்கு 400 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு. புதிய விரைவுச் சாலை உண்டு. எங்கள் வண்டியோ ஊருக்கு ஊர் மூட்டைகளை ஏற்றி இறக்கவேண்டிப் பழைய தேசிய நெடுஞ்சாலையையே பற்றிக்கொண்டு சென்றது. ஓயாத ஒலிப்பான், தலைக்கு நேர்மேலே குளிர்காற்று. நள்ளிரவில் உணவு விடுதியொன்றில் நிறுத்தி, எல்லாருக்கும் பொதுவான இரப்பர்ச் செருப்புகளைக் கொடுத்து இறக்கினர். எனக்கு வாய்த்தவை இரண்டும் இடக்கால் செருப்புகள். அடுத்த படுக்கையிலிருந்த மூதாட்டி, என் முகத்தைக் கண்டு இரங்கியவராய், பச்சை நிறத் தைலப் புட்டியொன்றை நீட்டினார். நெற்றியில் தடவிக்கொண்டு, உறங்காமலே விடியலை அடைந்தேன்.

நண்பர் என்னை இல்லத்திற்கு அழைத்துச் செல்லவில்லை. நேரே கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். நகரின் முகப்பாகவே சுமார் 6 கிலோமீட்டர் நீளத்திற்கு வளைந்து கிடக்கிறது அந்த மணல்வெளி. எதிரே தீவுகள் காவல் நிற்பதால் அன்று அலை சிறிதாகவே இருந்தது. மணி ஐந்தரைதான், அதற்குள் ஊரே அங்குத் திரண்டிருந்தது. பாட்டிமார் வரிசையாக நின்று உடற்பயிற்சி செய்தனர். கடைக்காரர்களும் அலுவலர்களும் நீந்திக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு வேலைக்கு விரைந்தனர். வெயில் ஏறினால் அவர்கள் அங்கிருப்பதில்லை. பின்னரே வெளிநாட்டார் வந்து மணலில் காய்கின்றனர். கடலை அனுபவிக்கத் தெரிந்தவர்கள் யார் என்பதில் எனக்கு ஐயமில்லை. நானும் வேட்டியை முழங்கால்வரை மடித்துக்கொண்டு நீரில் நின்றேன். இரவெல்லாம் பெட்டிக்குள் முடங்கிய கால்கள் மெல்ல மெல்ல என்னுடையவை ஆயின.

வந்த வழியைப் பற்றி நண்பரிடம் குறைபட்டுக் கொண்டேன். அவர் சிரித்துவிட்டு, அதே வழியில் வந்த வேறொருவரைப் பற்றிக் கூறினார்.

ஆயர் நுயென் வான் துவான் 1967 முதல் 1975 வரை இந்த நா டிராங் மறைமாவட்டத்தை ஆண்டவர். 1975 ஏப்ரலில் சைகோனுக்கு மாற்றப்பட்டார். அவ்வாண்டே ஆகஸ்டு 15, தேவதாயின் விண்ணேற்புத் திருநாளன்று கைது செய்யப்பட்டு, சைகோனிலிருந்து மீண்டும் நா டிராங் பகுதிக்கே காவலில் கொண்டுவரப்பட்டார். உடுத்திய அங்கியும் ஒரு செபமாலையுமே அவர் கையிருப்பு. காய் வோங் என்ற பங்கில் அவரை வீட்டுக்காவலில் வைத்தனர். அங்கே ஏழு வயதுச் சிறுவன் ஒருவனிடம் பழைய நாட்காட்டித் தாள்களை இரகசியமாகக் கொண்டுவரச் சொல்லி, அவற்றின் பின்புறத்தில் இரவுதோறும் தம் மக்களுக்கு எழுதினார். சிறுவனின் வீட்டார் படியெடுத்துப் பரப்பிய அச்சிந்தனைகளே பின்னர் நூலாயின. அவருடைய சிறைவாசம் 13 ஆண்டுகள். அதில் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை. 1988-இல் விடுதலையாகி, 2001-இல் கர்தினாலாகி, 2002-இல் உரோமையில் இறந்தார்.

காய் வோங் உள்நாட்டுப் பக்கம் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. எட்டாண்டுகள் அவர் அருகிருந்து பார்த்த கடலின் ஓசை அங்கே கேட்பதில்லை.

மாலையில் அங்கு அழைத்துச் செல்வதாக நண்பர் சொன்னார். எதில் போகிறோம் என்று சற்று அச்சத்துடனேயே வினவினேன். தம் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையைக் காட்டினார்.